எழுபது வீட்டுக்கு ஒரே பெயர்: எர்ணாவூருக்குப் போய் வந்த ஒரு சனிக்கிழமை

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராயபுரத்திலிருந்து எர்ணாவூருக்குப் போய் வந்தேன். தூரம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். ஊர் சுற்றப் போகவில்லை. அதற்கு முந்தைய மாதம் நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சரிசெய்யப் போனேன். அங்கே போக நினைக்கிறவர்கள் நம் பத்திரிகை வாசகர்களில் நாலைந்து பேராவது இருப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்காக வழியையும் செலவையும் ஒழுங்காகச் சொல்கிறேன். மற்றபடி எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மடத்தனம் இதுதான். காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரயில்வேயில் வேலை செய்யும் என் அப்பா, காலையில் டிபன் பாக்ஸை எடுக்கும்போதெல்லாம் என்னை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு சர்க்கார் ஆபீசில் தினக்கூலிக்குப் பெயர் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீஸ் எது என்று சொல்ல மாட்டேன். எர்ணாவூரில் லாரி ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். ரோட்டோரக் குடிசைகளை எடுப்பார்கள். உண்மையான பெயர், குடும்பத்தலைவர் பெயர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் மனை உண்டு. வீடு வீடாகப் போய் எழுதி வர வேண்டும். எனக்குக் கிடைத்தது ஊரார் பர்மாக்காரங்க காலனி என்று சொல்லும் இடம். எழுபது குடிசை.

பர்மாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு கப்பலேறி வந்த தமிழர்கள் இவர்கள். அரசாங்கம் முதலில் அனுப்பிய வெளியூர் முகாம்களில் பிழைக்க வழியில்லாமல், அங்கிருந்து தாங்களாகவே கிளம்பி இங்கே குடிசை போட்டவர்கள். முதல் வீட்டில் பெயர் கேட்டேன். "கருப்பையா" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் கருப்பையா. இன்னொரு வீட்டில் ஒரு பெண், "கருப்பாயி, புருசன் பேரு கருப்பையா" என்றார். எல்லோரும் ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம், குலசாமி பெயரை வைத்திருப்பார்கள் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டு எழுதினேன். மதியம் மூன்று மணிக்கு முடித்துவிட்டேன். சீக்கிரம் முடித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆபீசில் குமாஸ்தா அந்த நோட்டைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு எனக்கு அரசியல் பாடம் எடுத்தார். "பாகிஸ்தானைப் பாரு, பர்மாவைப் பாரு. எல்லாம் துப்பாக்கிக்காரன் ராஜ்யம். நம்ம நாடு அப்படியாப்பா? இது ஓட்டுப் போடுற ஜனங்க தேசம். இங்க வந்துமா பயப்படுறானுங்க?" சொல்லிவிட்டு எழுபது வீட்டின் மேலும் குறுக்காக ஒரு கோடு போட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவேடு மூடிடும். அதுக்குள்ள சரியான பேரு வந்தா வரட்டும்" என்றார். அவரே யாரையாவது அனுப்பலாமே என்று கேட்டேன். அனுப்ப ஆளில்லை என்றார். எனக்கும் கூலி அன்றோடு நிறுத்தப்பட்டது.

ஆகவே, சனிக்கிழமை சொந்தக் காசில் கிளம்பினேன்.

ராயபுரத்தில் காலை ஏழேகாலுக்கு பஸ். திருவொற்றியூருக்கு இருபது பைசா. முப்பத்தைந்து நிமிடம். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், தண்டையார்பேட்டை தாண்டியதும் இடையிடையே கடல் தெரியும். இடது பக்கம் உட்கார்ந்தால் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு போகலாம். டோல்கேட் அருகே ஒரு புளித்த நாற்றமும், அதற்கு அப்பால் கண்ணைக் கரிக்கும் வேறொரு நாற்றமும் வரும். பழகியவர்கள் மூக்கைக்கூடச் சுளிப்பதில்லை. திருவொற்றியூரில் டீ பத்துப் பைசா, பன் பத்துப் பைசா. அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

அங்கிருந்து எர்ணாவூர் சுமார் மூன்று கிலோமீட்டர். நடந்தால் நாற்பது நிமிடம். அவசரத்தில் நான் ரிக்‌ஷா பிடித்தேன். எழுபத்தைந்து பைசா கேட்டார், அறுபதுக்கு வந்தார்.

"எங்க நைனா?"

"எர்ணாவூர். பர்மாக்காரங்க காலனி."

"அங்க இன்னா கீது? பேரு கேட்டா அத்தினி பேரும் கருப்பையான்றானுங்க. போன மாசம் எவனோ ஒரு சோமாரி நோட்டு எட்த்துகினு வந்து, அப்டியே எழுதிகினு பூட்டானாம்."

"அந்தச் சோமாரி நான்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் சிக்கியது. நான்தான் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. மறுபடி ஏறியதும் என்னைச் சமாதானம் செய்கிற குரலில் அவருடைய அரசியலைச் சொன்னார்.

"மெய்யாலுமே சொல்றேன் மாமு. இந்த ஓட்டு, கட்சி எல்லாம் பேஜாரு. ரெண்டே வருசம் மிலிட்டரி கையில குட்தா போதும். கொயாய்ல தண்ணி வரும், லைட்டு எரியும், அத்தினி பேரும் வாய மூடிகினு வேலை செய்வான்."

"இதக் காலனில போய்ச் சொல்லிப் பாரேன்."

"சொன்னேனே. ஒரு அக்கா தண்ணி குட்த்துகினு இர்ந்துச்சு. சொம்பப் புடுங்கிகினு பூட்ச்சு. பாதி குடிச்சுகினு கீறேன், புடுங்கிட்ச்சு."

யோசித்துக்கொண்டே போனேன். ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அக்கம்பக்கத்து நாட்டில் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. இந்த ஆளுக்கோ அதே துப்பாக்கியைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறுகிறது. இரண்டு பேரும் பர்மாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த எழுபது குடும்பங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களைப் போய்க் கேட்க இரண்டு பேருக்கும் நேரமில்லை.

காலனிக்கு எட்டே முக்காலுக்குச் சேர்ந்தேன். ரோட்டோரம் ஆறு குடிசைகள், சுவரில் சுண்ணாம்பால் நம்பர் போட்டிருந்தது. முதலில் இடிபடப்போவது நாற்பத்தொன்று. அங்கே இருப்பவர் எனக்குக் கருப்பாயி என்று பெயர் கொடுத்த அந்தப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் சாக்கு தைக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மறுபடியும் வந்திட்டியா தம்பி? இப்ப என்ன பேரு வேணும்?"

விஷயத்தைச் சொன்னேன். நாலு மணிக்குள் உண்மையான பெயர் போகாவிட்டால் மனை கிடையாது, வியாழக்கிழமை வீட்டை இடிப்பார்கள். அவர் முகம் மாறியது. குழந்தைகளை ஒருமுறை பார்த்தார். "எனக்குக் குடுக்க ஆசைதான். ஆனா சங்கத்துல கேக்கணும். பேரு குடுக்கிறதில்லைங்கிறது எல்லாரும் ஓட்டுப் போட்டு வச்சது" என்றார்.

உடனே போய்ச் சங்கத் தலைவரை எழுப்பினார். பத்து மணிக்குக் கூட்டம் என்று ஒரு பையன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடினான். இதற்குள் மணி ஒன்பது.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில் மெட்ராஸில் இத்தனை தேர்தல் நடத்துகிற இடம் வேறு இல்லை. குழாய் எங்கே போடுவது, கோயிலுக்கு மைக் வைக்கலாமா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல். சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு மண்பானைகள், வேண்டும் என்றால் இடது பானை, வேண்டாம் என்றால் வலது. கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. யார் தூக்கினார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்கிற ஆட்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சங்கக் கொட்டகைக்குக் கதவு கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. யாரும் அடுத்தடுத்து இரண்டு வருடம் தலைவராக முடியாது. யூனிஃபார்ம் போடுகிறவர்கள் எந்தப் பதவிக்கும் நிற்கக்கூடாது. தொழிற்சாலை வாட்ச்மேன் மாரிமுத்து மூன்று வருடமாக மனுக் கொடுக்கிறார். "வேட்டி கட்டிகினு வந்தாலும் ஒத்துக்க மாட்றாங்க. உள்ளே காக்கி டவுசர் கீதான்னு பாக்குறாங்க" என்று என்னிடம் குறைப்பட்டார். யார் பேசினாலும் ஐந்து நிமிடம், அலாரம் கடிகாரம் அடித்தால் நிறுத்த வேண்டும். ரங்கூனில் ஒரு காலை ரேடியோவில் பேச ஆரம்பித்த பட்டாளத் தளபதியை யாராலும் நிறுத்த முடியவில்லையாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியல் கூடாது. எந்தத் தாளிலும் பெயர் வராது. வாக்காளர் பட்டியலும் பட்டியல்தானே. அதனால் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக ஓட்டுப் போடுகிற இந்த ஜனங்களுக்கு இந்தியத் தேர்தலில் ஓட்டு இல்லை. இதை அந்தக் குமாஸ்தாவிடம் சொல்லியிருந்தால் மறுபடி சிரித்திருப்பார்.

பத்து மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. தலைவர் சுப்பையா ரங்கூனில் அச்சுக்கோத்தவர். மெதுவாகத்தான் பேசுவார். முதலில் நாற்பத்தோராம் வீட்டு அக்கா எழுந்தார்.

"எல்லாருக்கும் தெரியும். ரங்கூன்ல கடைக்குப் பட்டியல் எடுக்க வந்தவன்கிட்ட முதலாளி பேரு என்னன்னு கேட்டப்ப, என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னது நான்தான். பயம் எனக்கு இல்லைன்னு யாரும் சொல்ல வேணாம். ஆனா வியாழக்கிழமை எம் புள்ளைகளை எங்க படுக்க வைக்கிறது? பேரு குடுக்கலாம்னு கேக்குறேன்." அவ்வளவுதான். அலாரத்துக்கு இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது.

சுப்பையா எழுந்தார். "அங்க வந்தவன் திருடன் மாதிரியா வந்தான்? மரியாதையா வந்தான். லைசன்சு தர்றோம்னு சொன்னாக. இந்தத் தம்பி மாதிரிதான், சின்ன வயசு, சட்டைப் பையில பேனா. பேரு எழுதிக்கிட்டுப் போனாக. பொறவு கடைக்கு நம்பர் விழுந்துச்சு, பொறவு பூட்டு விழுந்துச்சு. கடையைப் பாத்துக்கிறேன்னு அங்கயே தங்கின இவ வீட்டுக்காரர் இன்னும் வரல. ஒரு பேரு போனா மத்த பேரும் தானா வெளிய வரும். இன்னைக்கு இங்க நல்லவன் இருக்கான். நாளைக்கும் இருப்பான்னு யாரு எழுதிக் குடுப்பாக?"

மாரிமுத்து பெயர் கொடுக்க வேண்டும் என்று பேசினார். ஆறு வீட்டுக்கு மனை போனால் அடுத்த தடவை அறுபத்து நாலு வீட்டுக்கும் போகும் என்றார். "யூனிஃபார்ம் அப்படித்தான் பேசும்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். "வெளியாளு பேசலாம், ஓட்டு கிடையாது" என்றார் சுப்பையா. சட்டப்படி ஐந்து நிமிடம். நான் கத்தினேன். இடிபடப்போவது ஆறு வீடு, இடிபடாத அறுபத்து நாலு வீட்டுக்காரர்கள் வீரம் பேசுகிறீர்கள் என்றேன். அந்தப் பட்டாளத்துக்காரன் ரங்கூனில் இருக்கிறான் என்று நினைக்காதீர்கள், கப்பலில் உங்களோடு ஏறி வந்து இந்தக் கொட்டகையில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்றேன். இது எங்கள் நாடு, இங்கே அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தது. குமாஸ்தாவின் வார்த்தையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தேன். ஒரு கிழவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதை இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஓட்டு முடியப் பன்னிரண்டு ஆனது. கிளிஞ்சல்களைப் பாயில் கொட்டி எல்லோர் கண் முன்னாலும் எண்ணினார்கள். கொடுக்கலாம் என்பதற்கு முப்பத்து நாலு. வேண்டாம் என்பதற்கு முப்பத்தாறு.

யாரும் கைதட்டவில்லை. சுப்பையா முடிவைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்தவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அக்காவைத் தனியாகப் பிடித்தேன். இரண்டே ஓட்டு, இதெல்லாம் ஒரு முடிவா, நீங்கள் மட்டும் உங்கள் பெயரைக் கொடுங்கள், யாருக்கும் தெரியாது, நான் சொல்ல மாட்டேன் என்றேன். ரயில்வே கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிய ஏழெட்டு நிமிடம் ஆனது.

வண்டி போன பிறகு சொன்னார். "தோத்தவுக ஒத்துக்கணும் தம்பி. அங்க ஒரு பட்டாளத்துக்காரன் ஒத்துக்க மாட்டேன்னான். அதனாலதான நாங்க இங்க நிக்கிறோம்."

"உங்க வீடு போகுதே."

"போகுதுதான். அதுக்கு நான் அழுவேன். ஓட்டை மாத்த மாட்டேன்." பிறகு அவருடைய உண்மையான பெயரையும், கணவர் பெயரையும், இரண்டு குழந்தைகளின் பெயர்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "எழுதிக்கிறதுக்கு இல்ல. எத்தனை நாளைக்குத்தான் நீ என்னைக் கருப்பாயின்னு நெனச்சுக்கிட்டு இருப்ப."

திரும்பி வர ரிக்‌ஷா இல்லை. திருவொற்றியூர் வரை நடை, மொட்டை வெயில். அங்கே பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். வண்டியும் மாறி மாறி ஆபீசுக்குள் நுழையும்போது மூன்று ஐம்பது. குமாஸ்தா பதிவேட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீயே எழுதிடு. கையெழுத்து உன்னுதுதானே." பக்கத்தின் மேலே காலனி பெயர். கீழே வரிசை எண்கள். நாற்பத்தொன்றுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

நாலு பெயரும் எனக்குத் தெரியும். ஒரு நிமிட வேலை. அவருக்கு மனை கிடைத்துவிடும். வந்து என்னைத் திட்டுவார், திட்டட்டும், பிள்ளைகள் கூரைக்குக் கீழே தூங்கும். பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. முப்பத்தாறு கிளிஞ்சலையும், ஒத்துக்கொண்ட அந்த ஒரு பெண்ணையும் நான் ஒருவன், அவர்கள் நன்மைக்கென்று, தள்ளி வைக்கப் போகிறேன். எனக்கு வயது இருபது. இந்த நாட்டில் ஓட்டுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும், அந்த வயதுகூட எனக்கு இன்னும் வரவில்லை.

"பேரு?" என்றார் குமாஸ்தா.

"குடுக்கல."

"பொய்யாவது எழுதுய்யா, பக்கம் காலியா இருந்தா என்னைக் கேப்பாங்க."

அவரே சிவப்பு மையால் கோடு போட்டார். மணி நாலு ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பதிவேட்டை மூடிவிட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்காகச் சண்டை போட்டேன். பியூன் வந்து தோளைப் பிடித்து வெளியே விட்டார்.

வியாழக்கிழமை இடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். நாற்பத்தொன்று இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது. ஆறு குடும்பமும் பின் வரிசையில், மற்றவர்கள் தங்கள் வேலியைத் தள்ளிக் கொடுத்த சந்துகளில் கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தன. சுப்பையா தன் அடுப்படியை விட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு அது போதவில்லை. அடுப்படி மனை ஆகாது. இதை அவரிடமே சொன்னேன். ஆமாம் என்றார்.

அக்கா கூரையின் மேலே உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கீழிருந்தே நடந்ததைச் சொன்னேன்.

"எழுதிடலாம்னு தோணுச்சா?"

"தோணுச்சு. பேனாவ எடுத்திட்டேன்."

"அந்தப் பட்டாளத்துக்காரனுக்கும் மொதல்ல அப்படித்தான் தோணியிருக்கும்" என்றார். "அந்தக் கயித்தை எடுத்து மேல போடு."

அவர் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எழுதக் கை பரபரக்கிறது, எழுத மாட்டேன்.

போகிறவர்களுக்கு: மொத்தச் செலவு, நடக்கத் தெரிந்தால், டீயும் பன்னும் சேர்த்து அறுபது பைசா. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்த ரோட்டில் லாரித் தூசியில் நடக்க முடியாது. ரயில்வே கேட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகம், கேமரா எதையும் கொண்டுபோகாதீர்கள். பரிதாபப்படுவதானால் பீச்சுக்குப் போங்கள். "நம்ம நாட்டுல அப்படியெல்லாம் நடக்காது" என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ரங்கூனில் இருந்தபோது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

தோற்றுப்போன தீர்மானத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி கொண்டுவரச் சங்கத்தில் விதி இருக்கிறது. அக்கா கொண்டுவந்திருக்கிறார். சாக்குத் தைத்துவிட்டு வந்து, தினம் சாயங்காலம் இரண்டு வீடு வீதம் உட்கார்ந்து பேசுகிறார். சுப்பையா வீட்டுக்கும் போனாராம். வருகிற முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். ஆபீசில் பதிவேட்டை மறுபடி திறப்பார்களா என்று தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாது என்கிறார்கள். நாளைக்கும் போவேன்.